இரும்புக் காலும் பலகைப் பெட்டியும்

தொட்டி சாய்கிறது என்று எனக்கு முதலில் சொன்னது தண்ணீர்தான். திருவண்ணாமலை ரமண நகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், கடையில் ஆயத்தமாக விற்ற ஒரு பெட்டியின் மேல் மூன்றடி மீன் தொட்டி இருந்தது. கார்த்திகை தீபத்துக்கு இரண்டு நாள் முன்பு, வரப்போகிற உறவுக்காரர்களுக்குப் பாய் விரிக்க இடம் ஒழித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியின் மேல் விளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி இடப்பக்கம் ஒருவிதமாகவும் வலப்பக்கம் வேறுவிதமாகவும் பட்டது. பையனின் ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தேன். இடது ஓரத்தில் 36 மில்லிமீட்டர், வலது ஓரத்தில் 29. கொத்தனார் கையிலிருக்கும் ரசமட்டம் பொய் சொன்னாலும் சொல்லும், தேங்கிய தண்ணீர் சொல்லாது. வலப்பக்கம் இறங்கியிருந்தது.

பெட்டிக் கதவைத் திறக்க முயன்றால் அடியில் உரசியது. உள்ளே கைவிட்டுத் தடவினேன். வலது பக்கப் பலகையின் அடி விளிம்பு ரொட்டி ஊறினாற்போல உப்பி, பிறகு பாரம் தாங்காமல் நசுங்கியிருந்தது. வெளியே ஒட்டிய மைக்கா மட்டும் புதுசு போலவே பளபளத்தது. அன்று ராத்திரியே தண்ணீரை வாளி வாளியாக மொண்டு கொட்டினோம். மீன்கள் பித்தளை அண்டாவில் தூங்கின. மறுநாள் அந்தத் தொட்டிக்கு மூன்றடி தள்ளி ஆறு குழந்தைகள் படுத்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அதற்குப் பிறகு நான் இரும்பு ஸ்டாண்டுக்குப் போனேன். அதே வாரத்தில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் தொட்டி வைக்க ஆசைப்பட்டு, ஆசாரியைக் கூப்பிட்டுப் பிளைவுட்டில் பெட்டி அடிக்கச் சொன்னார். இரண்டு தொட்டியும் ஒரே அளவு: நீளம் 36 அங்குலம், அகலம் 15, உயரம் 18. நான்கு வருஷமாக இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்துவருகிறேன். இரண்டுமே நன்றாகத்தான் நிற்கின்றன. ஆனால் நிற்கிற விதம் வேறு, கெட்டுப்போகிற விதமும் வேறு.

முதலில் பாரத்தைச் சொல்லிவிடுகிறேன். மீன் கடையில் தொட்டியை இரண்டு பேர் லேசாகத் தூக்கி ஆட்டோவில் வைப்பதைப் பார்ப்பவர்களுக்கு அதன் உண்மையான எடை தோன்றுவதே இல்லை. இந்த அளவுத் தொட்டியின் கொள்ளளவு சுமார் 159 லிட்டர். எட்டு மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் காலித் தொட்டியே ஏறக்குறைய 30 கிலோ வரும். இரண்டு அங்குலத்துக்கு மணல் போட்டு, மேலே இரண்டு அங்குலம் விட்டுத் தண்ணீர் நிரப்பி, நாலு கல், மூடி, விளக்கு எல்லாம் சேர்த்தால் 200 கிலோ. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை எட்டை ஒரு குறுகிய பெஞ்சின் மேல் அடுக்கி, அதை வருஷக்கணக்கில் இறக்காமல் வைத்திருப்பதற்குச் சமம். டிவி ஸ்டாண்டின் மேல் தொட்டி வைக்கிறவர்கள் இதை ஒருமுறை மனசுக்குள் அடுக்கிப் பார்த்தால் போதும்.

கல் என்றதும் ஒன்று. மலையில் இருந்து கல் பொறுக்கிவந்து தொட்டியில் போடலாமா என்று வெளியூரிலிருந்து குடிவந்தவர்கள் கேட்கிறார்கள். மலையே லிங்கம் என்று கும்பிடுகிற ஊர் இது. நான் ஒரு கூழாங்கல்லும் எடுத்ததில்லை. ஜல்லி, கல் விற்கிற இடத்தில் காசு கொடுத்து வாங்கியதுதான் என் தொட்டியில் கிடக்கிறது.

இரும்பில் இந்த 200 கிலோ ஒரு பெரிய பாரமே கிடையாது. ஒன்றரை அங்குலச் சதுரப் பைப், 16 கேஜ், அதாவது 1.6 மில்லிமீட்டர் கனம். இந்த உயரத்துக்கு ஒரு கால் மட்டுமே டன் கணக்கில் தாங்கும். அதன் தலையில் வருவதோ 50 கிலோ. அப்படியானால் இரும்பு ஸ்டாண்டு ஏன் தொட்டியை உடைக்கிறது? கால்களால் உடைவதில்லை, மேல் சட்டத்தால் உடைகிறது. முன்பக்கத்து மூன்றடிப் பைப்பின் மேல் தொட்டியின் பாதிப் பாரம் உட்காருகிறது. ஒரு அங்குலப் பைப்பாக இருந்தால், கணக்குப்படி நடுவில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தொய்யும். ஒன்றரை அங்குலம் என்றால் ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். அந்தச் சின்ன வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடிக்குத் தெரியும். கண்ணாடி எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், வளைத்தால் தாங்காது.

"ஒரு இஞ்ச் பைப்பே போதும் சார், ஆளே ஏறி நிக்கலாம்" என்றார் வெல்டிங் பட்டறைக்காரர்.

"ஆளு நிக்கலாம் அண்ணே, வளைஞ்சா ஆளு ஒடைய மாட்டான். கண்ணாடி ஒடைஞ்சிடும்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, முன்னும் பின்னும் நடுவில் ஒவ்வொரு கால் கூட்டிக் கொடுத்தார். மூன்றடி இடைவெளி ஒன்றரை அடியானது, தொய்வு என்ற பேச்சே போனது. நான் ஒன்றரை அங்குலப் பைப்பும் கேட்டு வாங்கினேன். பட்டறையில் கிலோ கணக்கில்தான் விலை போடுவார்கள், ஆகவே கனமான பைப்புக்குக் கூடுதல் காசு ஆகும். அந்தக் காசைக் கொடுத்துவிட வேண்டும்.

இன்னொரு ஆபத்து பக்கவாட்டில் இருக்கிறது. மேலிருந்து வரும் பாரத்தை எந்த ஸ்டாண்டின் காலும் தாங்கிவிடும். தீபத்தன்று கூட்டத்தில் ஒரு மாமா சாய்ந்து நிற்பார், ஒரு பிள்ளை ஓடிவந்து மோதும். அப்போது நாலு காலும் ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொள்ளப் பார்க்கும். தண்ணீரும் அலையாகச் சேர்ந்து தள்ளும். அதைத் தடுப்பது குறுக்குப் பட்டை. பின்பக்கம் மூலைக்கு மூலை ஒரு தட்டைப் பட்டை வைத்து வெல்டு அடித்தால் போதும், நாற்கரம் இரண்டு முக்கோணமாகிவிடும், அதற்குப் பிறகு அசையாது. கடைகளில் நிறுத்தி வைத்திருக்கும் ஸ்டாண்டுகளில் இந்தப் பட்டையை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியர் வீட்டுப் பெட்டிக்கு இந்தக் கவலை இல்லை. அதன் முதுகுப் பலகையே குறுக்குப் பட்டையின் வேலையைச் செய்கிறது. முழு முதுகையும் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டால் அடைத்து, ஓரம் முழுக்க ஸ்க்ரூ அடித்திருக்கிறார் ஆசாரி. கையால் தள்ளிப் பார்த்தால் சுவரைத் தள்ளுவது போலிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் பலகைப் பெட்டி என் ஸ்டாண்டைவிட ஒரு படி மேலேதான். ஆயத்தப் பெட்டிகளில் முதுகுக்கு மூன்று மில்லிமீட்டர் அட்டைப் பலகையைச் செருகி ஆணி அடித்திருப்பார்கள், சிலவற்றில் ஒயர் போக அதையும் வெட்டி எடுத்திருப்பார்கள். என் பழைய பெட்டியின் முதுகு அப்படித்தான் இருந்தது.

பலகைப் பெட்டியில் நான் முதலில் பார்ப்பது பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பதை. மேல் பலகை பக்கப் பலகைகளின் தலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கப் பலகை தரைவரை ஒரே துண்டாக இறங்க வேண்டும். மேல் பலகையை இரண்டு பக்கப் பலகைகளுக்கு நடுவே நுழைத்து, வெளியிலிருந்து ஸ்க்ரூ அடித்தால் பார்க்க அழகாக இருக்கும், இணைப்பு தெரியாது. ஆனால் அப்போது 200 கிலோவும் ஏழெட்டு ஸ்க்ரூவின் கழுத்தில் தொங்குகிறது. ஆசிரியர் வீட்டு ஆசாரி இதைச் சொல்லாமலே தெரிந்துவைத்திருந்தார். "தலையில ஏத்தி வெச்சா பலகை சுமக்கும், நடுவுல சொருகினா ஆணி சுமக்கும்" என்றார். நடுவில் ஒரு நெடுக்குத் தடுப்பும் வைத்தார். இதெல்லாம் சேர்த்தும், கதவு நீங்கலாக, எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றிலேயே வெட்டு அடங்கிவிட்டது.

பாரத்தைத் தாங்குவதில் இரண்டும் ஜெயித்துவிடும். தண்ணீரில்தான் இரண்டும் பிரிகின்றன.

மீன் தொட்டி வைத்த வீட்டில் தண்ணீர் சிந்தாத வாரம் கிடையாது. பாதித் தண்ணீர் மாற்றும்போது குழாயிலிருந்து சொட்டும், மூடியில் வேர்த்து வழியும், வலை போட்டால் கை வழியாக ஒழுகும். இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது, என் பெட்டியைக் கொன்றது அதுதான். ஏர் மோட்டாரைப் பெட்டிக்குள், அதாவது நீர்மட்டத்துக்குக் கீழே வைத்திருந்தேன். மின்சாரம் நிற்கும்போது காற்று நின்றுவிடும். மெல்லிய குழாயில் தண்ணீர் பின்னோக்கி ஏறும், விளிம்பைத் தாண்டிவிட்டால் தானாகவே கீழே இறங்கி மோட்டார் வழியாக ஒழுகும். மண்ணெண்ணெய் டின்னில் டியூப் போட்டு உறிஞ்சுவார்களே, அதே கதை. ஒவ்வொரு மின்வெட்டிலும் ஒரு டம்ளர், இரண்டு டம்ளர். பெட்டிக் கதவு மூடியிருந்ததால் எனக்குத் தெரியவே இல்லை. சொற்பக் காசுக்குக் கிடைக்கிற நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றைக் குழாயில் செருகியிருந்தால், அல்லது மோட்டாரை நீர்மட்டத்துக்கு மேலே தொங்கவிட்டிருந்தால், அந்த ஆபத்தே வந்திருக்காது.

அந்தப் பெட்டி பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகை. ஈரம் பட்டால் அந்தத் தூள் ஊதும், ஊதியது காய்ந்தாலும் பழைய பலத்துக்குத் திரும்பாது. விற்றவர் அதை 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று சொல்லித்தான் விற்றார். மேலே ஒட்டிய மைக்காவுக்கு அது பொருந்தும். விளிம்புக்கும் ஸ்க்ரூ ஓட்டைக்கும் பொருந்தாது, தண்ணீர் நுழைவதோ அங்கேதான்.

பிளைவுட்டிலும் எல்லாம் ஒன்றல்ல. கடையில் 'கமர்ஷியல்' என்று கேட்டால் ஐ.எஸ். 303 தரத்தில் எம்.ஆர். வகையைக் காட்டுவார்கள். காற்றின் ஈரத்தைத் தாங்கும், தேங்கிய தண்ணீரைத் தாங்காது. தொட்டிக்குக் கேட்க வேண்டியது ஐ.எஸ். 710, மரைன் பிளை. ஃபீனால் பசையில் ஒட்டியது, 72 மணி நேரம் கொதிநீரில் போட்டும் அடுக்கு பிரியக்கூடாது என்பது அதற்கான சோதனை. ஷீட்டின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 710 என்ற எண்ணும் அச்சாகியிருக்கும். ஆசிரியர் தாமே கடைக்குப் போய் அந்த முத்திரையைப் பார்த்து வாங்கினார். வெட்டிய ஒவ்வொரு விளிம்பிலும், முக்கியமாகத் தரையைத் தொடுகிற அடி விளிம்பில், இரண்டு கை வார்னிஷ் பூசவைத்தார். வீடு துடைக்கிற ஈரம் முதலில் ஏறுவது அந்த அடி விளிம்பில்தான். மைக்கா ஒட்டிய முகத்தைவிட யாரும் பார்க்காத அந்த விளிம்புக்கு அவர் செலவழித்த நேரம் அதிகம்.

இரும்பும் தண்ணீருக்குத் தோற்கும். எங்கள் தெரு போர்வெல் தண்ணீர் உப்பு. பக்கெட்டில் வைத்தால் வெள்ளைக் கோடு விழும். அந்தத் தண்ணீர் சொட்டிக் காய்கிற வெல்டு மூட்டுகளில் இரண்டாம் வருஷமே பழுப்புப் பொட்டு தெரிந்தது. உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே எனாமல் பூசினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலை. பைப்பின் வாய் திறந்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கி, உள்ளிருந்தே தின்றுவிடும். ஆகவே கால் முனைகளைத் தகடு வைத்து அடைத்து வெல்டு அடிக்கச் சொல்ல வேண்டும். அதை நான் முதலில் சொல்லாமல் விட்டு, பிறகு ஸ்டாண்டைத் திரும்பப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

என்னை இரும்பின் பக்கம் நிறுத்துவது இந்தத் துருதான். கேட்பவர்களுக்கு இது முரணாகத் தோன்றலாம். துரு வெளியே தெரிகிறது. பழுப்பாகப் பூக்கிறது, பெயிண்டைக் கிளப்புகிறது, விரலில் ஒட்டுகிறது. கண்ணில் பட்ட நாளிலிருந்து ஸ்டாண்டு பலவீனமாகிற நாள்வரை வருஷங்கள் கிடைக்கின்றன. பலகை அப்படியல்ல. மைக்காவுக்குப் பின்னால், கதவுக்கு உள்ளே, தரையோடு ஒட்டிய விளிம்பில் சத்தமில்லாமல் கெடுகிறது. தெரியவரும்போது தொட்டி சாய்ந்திருக்கிறது. 200 கிலோவைத் தலையில் சுமக்கிற பொருள் தன் நோயை மறைக்காததாக இருக்க வேண்டும் என்பதே இந்த நான்கு வருஷத்தில் நான் வந்து சேர்ந்த இடம்.

மின்சாரத்தில் கணக்கு திரும்பிவிடுகிறது. ஹீட்டர், பில்டர், விளக்கு என்று மூன்று ஒயராவது தொட்டியிலிருந்து இறங்கும். எதிலாவது கசிவு ஏற்பட்டு ஒயர் இரும்பைத் தொட்டால், ஸ்டாண்டு முழுவதும் ஷாக் அடிக்கும். தரை ஈரம், கையும் ஈரம். பலகையில் அந்த அபாயம் குறைவு. இரும்பு ஸ்டாண்டு வைப்பவர் அதற்கு ஒரு எர்த் ஒயர் இழுத்தே ஆக வேண்டும், வீட்டு போர்டில், கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தாக வேண்டும். ஒயரை நேராக பிளக்குக்குக் கொண்டுபோகாமல், பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேற்ற வேண்டும். ஒயர் வழியாக வழிகிற தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குப் போகாது. பலகைப் பெட்டிக்காரர்களுக்கும் இது பொருந்தும். எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் கீழ்ப்பலகையில் படுக்கப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைக்கிறது. ஆசிரியர் அதைப் பக்கப் பலகையில், கையெட்டும் உயரத்தில், நிமிர்த்தி ஸ்க்ரூ அடித்திருக்கிறார்.

சத்தத்திலும் பலகை நல்லது. இரவு ஒன்பதுக்கு மேல் எங்கள் பகுதியில் மயில் அகவினால் கேட்கும், அவ்வளவு அமைதி. இரும்பில் வைத்த ஏர் மோட்டார் அந்த அமைதியில் வண்டு மாதிரி ரீங்காரமிடும். நான் அதைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன், அடங்கியது.

கரையானைச் சொல்லாமல் விட முடியாது. தரைத்தளத்து வீடு, பின்னால் மண், மழைக்குப் பின் சுவரோரம் மண்கோடு ஏறுகிறது என்றால் நான் பலகையை யோசிக்கவே மாட்டேன்.

தரைக்கு வருகிறேன். ரமணாசிரமத்தைச் சுற்றி இருக்கிற குடியிருப்பில் இரண்டு காலத்து வீடுகள் தோளோடு தோள் நிற்கின்றன. 1922ல் ரமணரின் தாயார் சமாதியான பிறகு மலையடிவாரத்தில் ஆசிரமம் உருவாகி, அதைச் சுற்றி ஒவ்வொன்றாக வீடுகள் எழும்பின. பழைய வீடுகளில் சிவப்பு சிமெண்ட் தரை, கழுவிவிட்டால் தண்ணீர் ஓடுவதற்காகக் கூடத்துக்கே வாட்டம் வைத்துக் கட்டியிருப்பார்கள். அந்த வாட்டம் தொட்டிக்கு ஆகாது. மூன்றடிக்குள் ஒரு சென்டிமீட்டர் சரிவு சாதாரணமாக இருக்கும். இங்கே இரும்பு எளிது: ஒவ்வொரு கால் அடியிலும் நட்டு வெல்டு அடித்து, போல்ட்டைத் திருகி ஏற்றி இறக்கலாம். பலகைப் பெட்டியை மட்டம் செய்ய அடியில் ஆப்பு சொருகத்தான் வேண்டும். ஆப்பு சொருகிய இடத்தில் மட்டும் பாரம் இறங்கும், பலகையின் மற்ற நீளம் அந்தரத்தில் நிற்கும். ஆசிரியர் வீட்டில் டைல்ஸ் தரை என்பதால் தப்பித்தார்.

டைல்ஸுக்கு வேறு சோதனை. ஒரு ரூபாய்க் காசால் தட்டிக்கொண்டே போனால், அடியில் கலவை நிரம்பாத இடத்தில் சத்தம் வெற்றொலியாக மாறும். அங்கே இரும்புக் காலின் கூர்மையான 50 கிலோ இறங்கினால் டைல்ஸ் விரிசல் விடும். மூன்றங்குலத் தகடும் ரப்பரும் காலடியில் வேண்டும். பலகைப் பெட்டி அடி முழுக்கப் பாரத்தைப் பரப்புவதால் இதில் நிம்மதி.

மாடி வீட்டில் குடியிருப்பவர்கள் தளம் தாங்குமா என்று கேட்கிறார்கள். குடியிருப்பு அறைகளுக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோ என்று ஐ.எஸ். 875 சொல்கிறது. மூன்றடித் தொட்டி அதன் மூன்றில் ஒரு பங்கு இடத்தில் அவ்வளவு எடையையும் வைக்கிறது. சுற்றிலும் தளம் காலியாக இருப்பதால், உத்தரத்துக்குப் பக்கமாகச் சுவரோரம் வைத்தால் நன்றாகக் கட்டிய தளத்தில் பயமில்லை. ஆறடிக்கு இரண்டடிக்கு இரண்டடித் தொட்டி என்றால் முக்கால் டன்னைத் தாண்டிவிடும். அங்கே வெல்டரையோ ஆசாரியையோ கேட்டுப் பயனில்லை, கட்டிடப் பொறியாளரைக் கேட்க வேண்டும். நீட்டிக் கட்டிய பால்கனியில் எந்தத் தொட்டியும் வேண்டாம். தளத்துக்காகவும்தான், குரங்குக்காகவும்தான். எங்கள் பகுதிக் குரங்குகளுக்கு மூடியைத் தூக்கத் தெரியும், தொட்டி விளிம்பில் கும்பலாகத் தொங்கவும் தெரியும்.

பழைய வீடுகளில் கடப்பா கல்லைச் செங்கல் தூண்மேல் போட்டுத் தொட்டி வைத்திருப்பதையும் பார்க்கிறேன். இரண்டு தூணுக்கும் நடுவில் ஒன்றரை அடிக்கு மேல் விடாவிட்டால் நல்ல ஏற்பாடுதான். மூன்றடி விட்டால் கடப்பா முன்னறிவிப்பில்லாமல் விரியும்.

இரண்டுக்கும் பொதுவாக ஒரு தெர்மோகோல் ஷீட் உண்டு. தொட்டிக்கு அடியில் அரை அங்குலம் போட்டால் பைப் மேலுள்ள வெல்டு பிசிறு, பலகையின் மணல் துகள் எல்லாம் அதில் அமுங்கிவிடும். ஆனால் ஸ்டாண்டு முறுக்கியிருந்தால் தெர்மோகோல் காப்பாற்றாது. என் ஸ்டாண்டின் மேல் சட்டத்துக்கும் தெர்மோகோலுக்கும் நடுவே ஒரு முக்கால் அங்குல 710 பலகை போட்டிருக்கிறேன். கீழே இரும்பு, மேலே பலகை. மாடி வாடகை வீட்டுக்காரர் யாராவது என்னிடம் கேட்டால் இதைத்தான் செய்யச் சொல்வேன். அழகுக்கு முன்பக்கம் காந்தம் வைத்த மெல்லிய பலகைக் கதவு மாட்டிக்கொள்ளலாம், அது எதையும் சுமக்க வேண்டியதில்லை, ஊறினால் கழற்றி எறிந்துவிடலாம். சொந்த வீடு, டைல்ஸ் தரை, கரையான் இல்லை, முத்திரை பார்த்து வாங்குகிற பொறுமையும் கைதேர்ந்த ஆசாரியும் உண்டு என்றால் ஆசிரியரின் வழி தாராளமாகச் சரி.

போன மாதம் இரண்டு வீட்டிலும் ஸ்கேலோடு உட்கார்ந்தோம். ஆசிரியர் வீட்டில் இரண்டு ஓரமும் 41 மில்லிமீட்டர். என் வீட்டில் இடப்பக்கம் 38, வலப்பக்கம் 36. "இரும்பு இறங்குமா?" என்று கேட்டார் அவர். குனிந்து பார்த்தோம். இரும்பு இறங்கவில்லை, வலது முன்காலின் ரப்பர் நசுங்கியிருந்தது. மூன்றில் இரண்டு பங்கு தண்ணீரை இறக்கி, ஸ்பானரால் அந்த போல்ட்டை ஒரு சுற்று, பிறகு கால் சுற்று திருகினேன். அவர் கண்ணாடியில் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்… போதும்" என்றார்.